ஃபர்னஸ் கம்ப்யூட்டருக்குப் புதுப் பெயர்

எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுதாக நான் இருந்ததில்லை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டபிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன். ஓசூரில் ஒரு கடையில் பிரிண்டருக்கு மை நிரப்பினேன். பெங்களூரில் ஆபீஸ்களுக்குக் கேபிள் இழுத்தேன். கேபிள் இழுக்கப் போன இடங்களில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களை எட்டிப் பார்த்து, கேட்டு, திட்டு வாங்கி, ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் உட்காராமல், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி அனுப்பினால் எல்லாம் ஒரே நேரத்தில் செய்துவிடும். அவ்வளவுதான் விஷயம். அதை வைத்துத்தான் திருச்சியில் எனக்கு வேலை கிடைத்தது.

துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனி. பாய்லருக்கான குழாய்களையும் தொட்டிகளையும் வெல்டிங் செய்து கொடுப்பவர்கள். நான் தங்கியது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகும் வழியில், மாடியில் வேறு ஆட்களோடு பங்குபோட்ட ஒரு அறை. குழாயில் தண்ணீர் வராத நாள் காவிரியில் குளிப்பேன். காவிரியிலும் இல்லாத நாள் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஏறுவேன். அங்கிருந்து துவாக்குடி பஸ். நின்றுகொண்டே தூங்கப் பழகியது அந்த ரூட்டில்தான்.

கம்பெனியில் எனக்கு முன்னால் இருந்தவர் பக்திமான். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சாமி பெயர் வைத்திருந்தார். கேட்டில் இருந்தது பிள்ளையார். அக்கவுண்ட்ஸில் குபேரன். ஸ்டோர்ஸில் லட்சுமி. ஃபர்னஸ் அறையில் காளி. சென்னையில் இருந்த தலைமை ஆபீஸ், இதெல்லாம் வேண்டாம், டிபார்ட்மென்ட் எழுத்தும் ஒரு நம்பரும்தான் பெயராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதைச் செய்து முடிப்பதுதான் எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை.

"சாமி பேர எடுத்துட்டு நம்பர் போடப் போறீங்களா?" என்று அக்கவுண்ட்ஸ் அம்மா கேட்டார். "பிரிண்ட் வரலேன்னா குபேரன் படுத்துட்டான்னு சொல்லுவோம், உடனே ஆள் வரும். இனிமே என்னன்னு சொல்றது?"

"ஏ.சி.சி. பூஜ்யம் ஒண்ணு படுத்துட்டான்னு சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கு. ஜெயில்ல கைதிக்கு வச்ச மாதிரி."

ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னாலும் அதைச் செய்த கம்பெனி அச்சடித்த ஒரு நம்பர் இருக்கும். அதே நம்பர் பெட்டிக்குள்ளும் பதிந்திருக்கும். சாமி பெயரை எவரும் மாற்றலாம், இந்த நம்பரை மாற்ற முடியாது. ஆகவே இடம் இடமாகப் போய்க் குனிந்து நம்பர்களை எழுதிக்கொண்டேன். ஸ்கிரிப்ட் பெட்டிக்குள் போகும், நம்பரைப் படிக்கும், அந்த நம்பருக்கு உரிய புதுப் பெயரை வைக்கும். பெயர் ஒட்டுவதற்குக் கம்ப்யூட்டர் ஒரு முறை அணைந்து எழ வேண்டும். அதற்கு முன் கால் மணி நேர அவகாசம் தரும்படியும், திரையில் எச்சரிக்கை வரும்படியும் எழுதியிருந்தேன்.

ஒரு பெட்டியை மட்டும் விலக்கி வைத்தேன். அது ஃபர்னஸ் அறைப் பெட்டி.

வெல்டிங் முடிந்த உருப்படியை ஃபர்னஸுக்குள் ஏற்றி, மெதுவாகச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே சில மணி நேரம் வைத்து, மறுபடி மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங் பிற்பாடு விரிசல் விடும். சூடு எப்போது எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் கோடு முதலிலிருந்து கடைசிவரை அறுபடாமல் இருந்தால்தான் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார். தாளில் கோடு போடும் பழைய கருவி பழுதாகிக் கிடந்தது. கம்ப்யூட்டர்தான் அந்தக் கோட்டை வரைந்தது. அது நடுவில் அணைந்தால் கோடு அறுந்துவிடும்.

அதைப் பார்த்துக்கொண்டவர் ஜீயபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு அக்கா. கான்ட்ராக்ட் ஆள். வாழைத்தார் ஏற்றும்போது கணவருக்கு முதுகு போனதிலிருந்து வீட்டுக்கு அவர் சம்பளம் ஒன்றுதான். ஐப்பசி தொடக்கத்தில் ஒரு பெரிய தொட்டி உள்ளே இருந்தபோது, எவனோ ஒருவன் அந்தக் கம்ப்யூட்டரில் போனைச் சார்ஜ் போட, அது உறைந்து நின்று அணைந்துவிட்டது. கோடு அறுந்தது. தொட்டியை இன்ஸ்பெக்டர் ஏற்கவில்லை. அந்த இரும்பை இன்னொரு முறை மட்டும் சூடாக்கலாம், அதற்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அக்காவிடம், "இன்னொரு தடவை போச்சுன்னா தொட்டி ஸ்கிராப்புக்குப் போகும். நீ கேட்டுக்கு வெளிய போவ. தெரிஞ்சுக்க" என்றார். போனைச் சொருகியவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

தொட்டி மறுபடி ஃபர்னஸுக்குள் ஏறிய அதே நாளில்தான் ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. ஃபர்னஸ் அறை விலக்கப்பட்டிருந்ததால் நான் கவலைப்படவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரையும் செய்த வேலையைச் சேமித்துவிட்டு எழச் சொல்லி, ஸ்கிரிப்டை அனுப்பினேன். என் திரையில் ஒவ்வொன்றாகச் 'சரி' என்று வந்தது. கேட் சரி. அக்கவுண்ட்ஸ் சரி. ஸ்டோர்ஸ் சரி. அறையைப் பூட்டிவிட்டு, எச்சரிக்கை சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க நடந்தேன். அக்கவுண்ட்ஸில் தெரிந்தது. அடுத்து, ஷெட்டைத் தாண்டி ஸ்டோர்ஸ்.

ஸ்டோர்ஸ் அண்ணன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் திரையில் எச்சரிக்கை இல்லை. போல்ட்டு நட்டுக் கணக்குதான் திறந்திருந்தது.

"அண்ணே, மெசேஜ் வந்துச்சா? மூடிட்டீங்களா?"

"ஒண்ணும் வரலியே. நான் தொடவே இல்ல, சாப்பிட்ட கை."

மேசைக்கு அடியில் குனிந்து பெட்டியின் நம்பரைப் பார்த்தேன். பெட்டியின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. நம்பர் எனக்கு மனப்பாடம். விலக்கி வைத்த ஒரே நம்பர் அதுதான்.

"இது ஃபர்னஸ் பெட்டில்ல? இங்க எப்படிண்ணே வந்துச்சு?"

"ஆயுத பூஜைக்கு எல்லாப் பொட்டியவும் தூக்கிட்டுப் போய் சாமி முன்னால வச்சோம்ல. திருப்பி வைக்கிறப்ப மாத்தி வச்சுட்டானுங்க. எல்லாம் ஒரே கலரு."

"மாத்தி வச்சா ஓடாதே."

"ஓடலதான். ஃபர்னஸ் புரோகிராம் இங்க வருது, என் கணக்கு அங்க போயிருச்சு. பூஜை போட்டு உக்கார வச்ச பொட்டிய மறுபடி தூக்கக்கூடாதுன்னு ஃபோர்மேன் சொல்லிட்டாரு. அதனால எலக்ட்ரீஷியன் உள்ள இருக்கற டிஸ்க்க மட்டும் கழட்டி மாத்திப் போட்டாரு. சூப்பரா ஓடுது. ஏன் தம்பி, மூஞ்சி இப்படி ஆகுது?"

நான் நம்பரை எழுதியது பூஜைக்கு முன்னால். பூஜை விடுமுறைக்கு நான் ஊரில் இல்லை. பெட்டி இங்கே, அதன் டிஸ்க் அங்கே. ஸ்கிரிப்ட் பெட்டியின் நம்பரைத்தான் படிக்கும். ஸ்டோர்ஸ் என்று நினைத்து அது எச்சரிக்கை அனுப்பியது ஃபர்னஸ் அறைக்கு.

என் லேப்டாப் பூட்டிய அறையில், ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தது. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து அதை நிறுத்த அனுமதி கிடையாது. ஃபர்னஸ் அதைவிடப் பக்கம். ஓடினேன். நடு ஷெட்டில் கிரேன் ஒரு குழாய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு வழியை மறித்தது. "ஏய், அடியில நுழையாத!" என்று மேலிருந்து கத்தினார்கள். கிரேன் மணி அடிக்க, கட்டு எனக்கு முன்னால் நிதானமாக ஆடிக் கடந்தது. அதுவரை நின்றேன். நின்ற நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஃபர்னஸ் அறைக்குள் அக்கா எழுந்து நின்று, போனைக் காதில் வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் என் எச்சரிக்கை, நான் எழுதிய அதே ஆங்கிலத்தில். தொட்டி முழுச் சூட்டில் இருந்தது.

"சூப்பர்வைசர் எடுக்க மாட்டேங்கறாரு" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு நான் கீபோர்டை நோக்கிப் போவதைப் பார்த்துக் குறுக்கே வந்தார். "கைய வைக்காதீங்க தம்பி."

"அக்கா, இது அணையப் போகுது."

"அதான் எழுதியிருக்கே. எனக்கும் படிக்கத் தெரியும். ஓகே குடுத்தா போயிரும்ல?"

"மெசேஜ்தான் போகும். அணையறது நிக்காது. நான் நிறுத்தணும்."

"போன தடவையும் ஒருத்தன் சார்ஜ் மட்டும் போட்டுக்கறேன்னுதான் வந்திருக்கான். சூடு ஓடறப்ப இத யாரும் தொடக்கூடாதுன்னு அவரே சொல்லியிருக்காரு. அவரு வரட்டும்."

"அவர் வர்றதுக்குள்ள அணைஞ்சிரும்க்கா."

"நீங்க தொட்டு அணைஞ்சா? யாரு பதில் சொல்றது? உங்களுக்கு இங்க இல்லேன்னா இன்னொரு ஊரு. எனக்கு?"

அவர் சொன்னது உண்மை. போன் இன்னும் அடித்துக்கொண்டேயிருந்தது, மறுமுனையில் எவரும் எடுக்கவில்லை.

"இத அனுப்பினதே நான்தான்" என்றேன். "பேரு மாத்த அனுப்பினேன். பூஜைல பெட்டி மாறினது எனக்குத் தெரியாது. எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சதால எப்படி நிறுத்தறதுன்னும் தெரியும். ஒரே வரிதான் அடிக்கணும். நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு போனை அணைத்துவிட்டு நகர்ந்தார். "எஸ்கேப் பட்டன் மேல விரல் பட்டுச்சுன்னா கோடு நின்னுரும். ஞாபகம் வச்சுக்கங்க."

மவுஸ் இல்லை. போன தடவைக்குப் பிறகு சூடு ஏறும் நாட்களில் அதைக் கழற்றிப் பூட்டி வைத்துவிடுவாராம். கீபோர்டில்தான் எல்லாம் செய்ய வேண்டும். எஸ்கேப் பட்டனை அவர் தன் இடது கையால் மூடிக்கொண்டார். நான் கட்டளை அடிக்கும் சின்னக் கட்டத்தைத் திறந்தேன். திறந்த நொடியில் சிவப்புக் கோடு நின்றது.

"நின்னுருச்சு" என்றார் அக்கா. குரல் ஏறவில்லை, இறங்கியது.

"வரும்."

வருமா என்று எனக்குத் தெரியாது. பழைய கம்ப்யூட்டர், திணறுகிறது. அடித்த எழுத்துகள் தாமதமாக ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒரு எழுத்தை இரண்டு முறை அடித்திருந்தேன். அழித்தேன், மறுபடி அடித்தேன். எண்டர். ஒன்றும் நடக்கவில்லை. வியர்வை மூக்கு நுனியிலிருந்து கீபோர்டில் சொட்டியது. பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஃபர்னஸ் உறுமிக்கொண்டிருந்தது. அப்புறம் திரையின் மூலையில் சின்னதாக, அணைப்பு ரத்தாகிவிட்டது என்று வந்தது. அதன் பின்னால், கோடு ஒரு துள்ளலில் முன்னேறி, விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஊர்ந்தது.

அக்கா எஸ்கேப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இனிமே அணையாதுல்ல?"

"தானா அணையாது. கரன்ட் போகாம இருக்கணும்."

"அப்ப உக்காருங்க. கோடு முடியற வரைக்கும் நீங்க எங்கயும் போகக் கூடாது."

மற்ற கம்ப்யூட்டர்கள் புதுப் பெயரோடு எழுந்தனவா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. குபேரன் பிரிண்ட் எடுக்கவில்லை என்று அக்கவுண்ட்ஸ் அம்மா பழைய பெயரிலேயே புகார் சொன்னார். நான் எழவில்லை. இரண்டு பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விளக்கு ஒரு முறை மங்கித் திரும்பியபோது இருவரும் ஒன்றாக எழுந்து நின்றோம். சூடு இறங்கத் தொடங்கியபிறகுதான் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். வாழைப்பூப் பொரியல். ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார், கூடவே சூப்பர்வைசர். கோட்டை அச்செடுத்து மேசையில் விரித்தார்கள். இன்ஸ்பெக்டர் பேனா முனையைத் தாளில் படாமல் கோட்டின் மேலாக நகர்த்திக்கொண்டே போனார். ஏற்றம் முடிந்தது. சூடு ஒரே அளவில் நின்ற நேரான பகுதியின் நடுவில் பேனா நின்றது. அங்கே, பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்படி, ஒரு சின்ன நெளிவு.

"இங்க என்னம்மா?"

சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா சொன்னார். "அங்கதான் சார் கம்ப்யூட்டர் அணைய இருந்துச்சு. பேரு மாத்தறதுக்கு அனுப்பினது தவறி இங்க வந்துருச்சு. இவரு வந்து நிறுத்தினாரு. அணையல."

"ரெக்கார்ட் நின்னுச்சா?"

"கோடு நின்ன மாதிரி இருந்துச்சு சார். அப்புறம் ஓடுச்சு."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, அந்த நேரத்துச் சூட்டு அளவுகளை நிமிஷ வாரியாகக் காட்டச் சொன்னார். காட்டினேன். சூட்டை அளக்கத் தொட்டியின் எல்லாப் பக்கத்திலும் பொருத்தியிருந்த கம்பிகளிலிருந்து வந்த அளவுகள் இருந்தன. ஒரு நிமிஷமும் விடுபடவில்லை. வரைவதுதான் திணறியிருக்கிறது, பதிவு நிற்கவில்லை. அவர் அதை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தார். அந்தப் பக்கத்தையும் அச்செடுத்துக் கோட்டோடு சேர்த்துப் பின் அடிக்கச் சொன்னார். பிறகு இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனபிறகு சூப்பர்வைசர் அக்காவிடம் திரும்பினார். "அத எதுக்கும்மா சொன்ன? நான் பேசியிருப்பேன்ல?"

"கேட்டாரு. சொன்னேன்."

"சொல்லி, அவரு தூக்கிக் கடாசியிருந்தா?"

"நீங்க போன எடுத்திருந்தா நானே உங்ககிட்டத்தான் கேட்டிருப்பேன் சார்."

சூப்பர்வைசர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உன்னை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன் என்ற பார்வை. மறுநாள் கவனித்துக்கொள்ளவும் செய்தார்.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை, வாசலை அடைத்தபடி நின்றார். "நாளைக்கு நான் வரலாமா, வேணாமா சார்? அத மட்டும் சொல்லிருங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"காலைல புது லோடு இருக்கு" என்றார் சூப்பர்வைசர், தாள்களை மடித்துக்கொண்டே. "சீக்கிரம் வா."