தண்ணீர் வார்த்த பிறகு

அம்மாவின் இடது விலாவில் கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பியபோது, அதை அம்மாள் வருத்தம், அம்மை நோய் என்றே வீட்டில் முடிவு செய்தார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள், மீன்சட்டி குசினியை விட்டு வெளியேறியது. மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரை மூன்றாம் முறை வார்த்ததோடு வருத்தம் முடிந்ததாயிற்று. அதன் பின்னும் நோகிறதென்றால், இறங்கிப் போன அம்மாள் தெய்வத்தைக் குறை சொல்வதாகும்.

அம்மாவுக்கோ நோ நிற்கவில்லை. சட்டைத் துணி பட்டாலே எரிகிறது என்றார். கடற்காற்று யன்னலால் வந்து தழும்பில் படும்போதும் பல்லைக் கடித்தார். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, திங்கட்கிழமை லீவு எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தார்.

ஞாயிறு பின்னேரம் அப்பாவின் தமக்கை, என் மாமி, அயற்பெண்கள் இருவருடன் வந்தார். சந்தையில் பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல் அம்மாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். மீன் வெட்டிய விரல்கள் கழுவியும் நாறின.

“கண்ணை மூடு மச்சாள்,” என்ற மாமி, சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினார். “சட்டையை விலத்திப் பிடி பிள்ளை.”

விடுமுறைக்கு வந்திருந்த பல்கலைக்கழக மாணவி நான். பிடித்தேன்.

ஊசி தழும்பில் இரண்டு தரம் இறங்கியது. அம்மா கண் திறவாமலே, “என்ன செய்யப்போறியள்?” என்று கேட்டார்.

“செய்தாச்சு,” என்றார் மாமி. “ஊசி குத்தினது தெரியேல்ல, துணி பட்டால் மட்டும் எரியுதாம். அடுப்பைக் கண்டால்தான் நோ கூடும் போல.”

பெண்கள் சிரித்தார்கள். கசிந்த இரத்தத்தைப் பெருவிரலால் துடைத்த மாமி, அதே விரலால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். வாசலில் நின்ற அப்பா, லீவு தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா நடிக்கிறாரோ என்று நானும் நினைத்தேன். அந்த நினைப்பு, சுண்ணாம்பு விரலைவிட அருவருப்பானது.

மறுநாள் காலை, அறைக்குள் தனியே சட்டை போட முயன்ற அம்மா, பாதியில் நிறுத்திக் கதிரையின் சாய்வைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கதவிடுக்கால் கண்டேன். அங்கே யாருக்காக நடிக்க வேண்டும்? நானே அவரைக் கூட்டிப்போனேன்.

டாக்டர் பஞ்சு நுனியால் தழும்பைத் தடவினார், அம்மா துடித்தார். ஊசியால் தொட்டார், அம்மா அசையவில்லை.

“இது அக்கி,” என்றார். “தோலுக்குள்ள இருக்கிற நரம்பு நுனிகள் பல செத்துப்போச்சு. அதாலதான் ஊசி தெரியேல்ல. மிஞ்சின நரம்புகள் பழுதுபட்டு, சும்மா தொட்டாலும் நோ எண்டு மூளைக்குச் சொல்லுது. மரத்த இடத்திலேயே நோகும். அது சரி, இஞ்ச ஆர் குத்தினது?”

“தைக்கேக்க பட்டிருக்கும்,” என்றார் அம்மா.

“நாங்கள்தான் குத்திப் பார்த்தனாங்கள்,” என்றேன்.

டாக்டரின் கடிதத்தை அப்பா இரண்டு தரம் வாசித்தார். மருந்துக்கடைக்குக் குளிசை வாங்கப் போனார். செய்தி கேட்டு மாமி அன்றே வந்தார்.

“உண்மையான வருத்தமாமே? எங்க, காட்டு பாப்பம்.”

நீட்டிய கையை அம்மா தடுத்தார்.

“நேற்றுப் பார்த்தது போதும், மச்சாள்.”