வெய்துயிர்ப்பு

பெருமூச்சுக்குப் பழைய தமிழில் வெய்துயிர்ப்பு என்று ஒரு பேர் உண்டு. எனக்கு அதைச் சொன்னவள் என் தங்கை. என் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, நான் சுட்ட வடையைத் தின்றுகொண்டே சொன்னாள். அறுபதுகளின் நடுவில், சிதம்பரத்துக்கு அவள் தமிழ் படிக்கப் போன முதல் வருஷம் அது.

"உயிர்க்கறதுன்னா மூச்சு விடறது. வெய்துன்னா சூடு. மனசு வெந்துபோயி வெளிய விடற மூச்சுதாங்க்கா வெய்துயிர்ப்பு. அதையே நீளமா விட்டா நெட்டுயிர்ப்பு. நிசுவாசம்னு சொல்றாங்களே, அது வடமொழி" என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

நான் ஈரச் சவுக்கு விறகோடு மல்லுக்கட்டி, ஊதுகுழலை ஊதிக்கொண்டிருந்தேன். சூடான மூச்சைப் பற்றி எனக்கு வகுப்பெடுக்கிறாள் இவள்!

பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் நான்தான். அவள் ஒருநாளும் அப்படி வாங்கியதில்லை. ஆனால் பள்ளிப் படிப்பு முடிந்ததுமே, "பொம்பளப் புள்ளைக்கு இது போதும்" என்று அப்பா என்னை மஞ்சக்குப்பத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார். சில வருஷத்தில் அதே அப்பாவுக்கு மனசு மாறிவிட்டது. தங்கையின் டிரங்குப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போய் ஹாஸ்டலில் விட்டு வந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சனிக்கிழமை பாசஞ்சரில் வந்து இறங்கி அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் எனக்கு வந்திருக்க வேண்டியது என்றுதான் தோன்றும்.

பரீட்சை நெருங்கும்போது அவளுக்குக் காய்ச்சல் கண்டது. திருப்பாதிரிப்புலியூரில் அம்மா வீட்டில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஊசி போட்டும் இறங்கவில்லை. பரீட்சை எழுதாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கப்போவதாக அப்பா சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"எவளோ பெருமூச்சு வுட்டுட்டா. எம் பொண்ணு படிக்கிறது எவளுக்கோ பொறுக்கல" என்று அம்மா புலம்பினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் உப்பையும் காய்ந்த மிளகாயையும் என் கையில் கொடுத்து, "நீ சுத்திப் போடு. கூடப் பொறந்தவ கையால போட்டா சட்டுனு எறங்கிடும்" என்றாள்.

சுற்றி அடுப்பில் போட்டேன். எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்த்தோம். நெடியேறி இருமல் வந்தால் கண்ணேறு இல்லை. நெடியே வராவிட்டால் பலமாக விழுந்திருக்கிறது என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. மிளகாய் கருகியது. ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை.

"பாத்தியா, நெடியே இல்ல! எவ வயித்தெரிச்சலோ, அவ நல்லா இருப்பாளா?" என்று அம்மா கத்தினாள்.

நான் அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன். அம்மா சொன்னதை நான் முழுசாக நம்பினேன். காது மடல் சுட்டது.

அப்போது பாயிலிருந்து இருமல் கேட்டது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"என்னாம்மா நீ, எனக்குத் தொண்ட கமறுது, கண்ணெல்லாம் எரியுது. யாரு கண்ணும் படல. இது சும்மா காய்ச்சல்தான்."

பேசும்போது அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். எரிகிறது என்று சொன்ன கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

அம்மா சமாதானமாகி உள்ளே போனாள். இரண்டொரு நாளில் காய்ச்சல் விட்டது. தங்கை பரீட்சை எழுதினாள், பாஸும் பண்ணினாள். அதையெல்லாம் நான் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். அந்தப் பொய் இருமலை மட்டும் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. அதை நினைத்தாலே மூச்சு சூடாகத்தான் வருகிறது. படிப்பு அவளுக்குப் போனாலும் நல்ல மனசாவது எனக்கு இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அதுவும் அவளுக்கே போயிருந்தது.