போயிட்டு வாரோம்

காரைத் திருப்பும்போது அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டினார். "போயிட்டு வாரோம் தம்பி. பொங்கலுக்கு இங்கனதான். பானைய வாங்கி வச்சுரு" என்றார். தென்னந்தோப்பு முக்கு வரைக்கும் அந்தக் கை தெரிந்தது. கார் மறைந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த அக்கா மதுரைக்காரர். என் அறைகளுக்கு வந்த முதல் ஆள். நான் படித்தது ஐந்தாவது. கம்பத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினேன். மனைவி இறந்த மறுவருசம் லாரியை விற்று, காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி இரண்டு அறை கட்டினேன். வாடகைக்கு விட்டால் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் என்று திருப்பூரில் இருக்கும் மகள் சொன்னாள். வருமானத்தை அவள் நினைத்தாள். ஆள் இருக்கும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் இரண்டு நாள் தங்கினார்கள். வீட்டுக்காரர் சுருளி அருவிக்குப் போய்வந்த அலுப்பில் நாற்காலியிலேயே தூங்கினார். அக்கா நேராக என் அடுப்படிக்கு வந்துவிட்டார். குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து, "புளிய இப்படியா கரைப்பாக? லாரிக்கு டீசல் ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கியே" என்றார். உப்பு டப்பா இருக்கும் இடத்தைக் கேட்காமலே கண்டுபிடித்தார். மனைவி போன பிறகு அந்த அடுப்படியில் வேறொருவர் கை பட்டது அன்றைக்குத்தான்.

வாரோம் என்றார். வருவார் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்கழி முழுக்க எங்கள் ரோட்டில் சபரிமலை வண்டிகள் ஓடும். எனக்கு வருசத்தில் அதிகம் ஆள் நிறைகிற நாட்கள் அவைதான். பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு வேன் வந்து நின்றது. "சாமி, நாளைக்கு ஜோதி பாத்துட்டுத் திரும்புறப்ப படுக்க எடம் வேணும். ரெண்டு ரூமும் எடுத்துக்கிறோம்" என்று மாலை போட்ட ஒருவர் கேட்டார். "இல்ல சாமி, ஆள் வாராக" என்று அனுப்பிவிட்டேன்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் கொழுந்தியாவுக்கு அது தெரிந்துபோனது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன் மச்சான், போயிட்டு வாரோம்னா நெசமாவே திரும்பி வாரோம்னா அர்த்தம்? போறேன்னு சொல்லக் கூடாதேன்னு சொல்றது. கண்டக்டர்ட்டகூட நான் போயிட்டு வாரேன்னுதான் சொல்லிட்டு எறங்குறேன். அவரு எனக்குச் சோறு வடிச்சு வச்சுருக்காரா?"

"பானை வாங்கச் சொன்னாக" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் கேலி பண்ணவில்லை.

பொங்கலன்று விடிந்ததும் இரண்டு கட்டிலுக்கும் புது விரிப்பு போட்டேன். கரும்பு வாங்கிச் சாத்தி வைத்தேன். வெயில் ஏறியது. பானையை அடுப்பில் ஏற்றாமல் மதியம் வரை பார்த்துவிட்டு போன் பண்ணினேன்.

"யாரு?"

"அக்கா, நான் காமயகவுண்டன்பட்டி."

"எந்தப் பட்டி?" பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம். "அட, ரூம்புக்காரத் தம்பியா! நல்லா இருக்கியா? இங்க மக வீட்டுல பொங்கல். எல்லாரும் வந்திருக்காக. அடுத்த தடவ கட்டாயம் வாரோம்."

"வாங்கக்கா" என்றேன்.

அவர் மேல் குற்றம் இல்லை. நல்ல மனுசி. வாயில் வந்ததை அன்பாகச் சொன்னார். படுக்க இடம் கொடுத்தவன் நான். அதை உறவு என்று நினைத்தது என் தப்பு. சாயங்காலம் நானே பொங்கல் வைத்தேன். பாதிக்கு மேல் கொழுந்தியா வீட்டுக்குப் போனது.

இப்போது கணக்குத் தெளிவாக இருக்கிறது. கார்த்திகை, மார்கழி, கோடை விடுமுறை, அருவியில் தண்ணீர் விழுகிற நாட்கள். மற்ற மாதங்களில் அறைக்குள் பல்லிச் சத்தம்தான். ஆள் கிளம்பினால் வாசலில் நிற்பதில்லை. விரிப்பை உருவ உள்ளே போய்விடுகிறேன்.

போன வாரம் பொட்டிப்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரும் தோட்டத்தில் அறை கட்டப் போகிறாராம். எப்படி ஓடுகிறது என்று கேட்டார்.

"நாலஞ்சு மாசம் ஓடும். மிச்சம் சும்மா கெடக்கும். அத நம்பிக் கடன் வாங்காதீக" என்றேன். "வாரவுக தூங்க வாராக. நம்மளப் பாக்க வரல."

அவர் தலையாட்டிக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டினார்.

"சரிண்ணே, போயிட்டு வாரேன்."

"சோறு ஆக்கியிருக்கேன். ஒரு வா தின்னுட்டுப் போகலாம்ல" என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்.