செருப்பு வாங்கிக்கொண்டவர்

ஐம்பதுகளின் கடைசியில், சேந்தமங்கலத்துக்கு அருகே மலையடிவாரத்தில் நான் சேர்ந்த தியான ஆசிரமத்தில் அவர்தான் மூத்தவர். ஒல்லியான உடம்பு, பாதி மூடிய கண்கள். புதிதாக வருபவர்களை வாசலிலேயே நிறுத்திச் செருப்பை வாங்கிக்கொள்வார்.

"மண்ணு காலுல படோணும் சாமி. அப்பத்தான் மனசு அடங்கும்" என்று என்னுடையதையும் வாங்கினார். அவரை நம்பி இரண்டு வருஷம் முள்ளில் நடந்தேன்.

ஒருநாள் சந்தையில் அவரைப் பார்த்தேன். காலில் என் செருப்பு. வாரில் நான் போட்ட சிவப்பு நூல் தையல் அப்படியே இருந்தது.

"ஏனுங்க, உங்க காலுல மண்ணு பட வேண்டாமுங்களா?" என்றேன்.

"சந்தை மண்ணுல மனசு அடங்காது சாமி. ஆசிரமத்து மண்ணே வேற" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மறுநாள் தியானத்தில் எனக்கு எதிரே அமர்ந்திருந்தார். அவர் முகத்தில் இருந்த அமைதி மட்டும் பொய்யில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.