ஓரகத்தியின் வட்டிப் பணம்

என் கணவரின் தம்பி மனைவி, தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எனக்கு அடுத்த வீடான பக்கத்துக் காம்பிராவில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை அவள் குளித்து, வெளுத்த சேலை கட்டி, தலவாக்கலைக்குப் பஸ் ஏறும்போது எனக்கு வயிறு எரியும். பேங்கில் வட்டி எடுக்கப் போகிறாள். திரும்பும் வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவாள், தேத்தண்ணி குடிப்பாள், முழங்காலுக்குத் தைலம் வாங்குவாள். மகனிடம் கேட்க வேண்டியதில்லை. மருமகளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இத்தனைக்கும் நாங்கள் இருவரும் ஒரே வருஷம்தான் தோட்டத்து வேலையிலிருந்து நின்றோம். சம்பளத்தில் பிடித்து வைத்த சேமலாப நிதிப் பணமும் அடுத்தடுத்துதான் வந்தது. முதுமைக்கு அதுதான் எல்லாம். எதில் போட்டால் பத்திரமாக இருக்கும் என்று அடுப்படியில் உட்கார்ந்து பேசினோம். சீட்டு வேண்டாம், பிடிக்கிறவள் ஓடிவிடுவாள். நகை வேண்டாம், பிள்ளைகள் அடகுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதுவரை ஒத்துப்போனோம்.

எங்கள் பக்கத்தில் கையில் மொத்தமாகப் பணம் வந்தால் லயத்தை முன்னால் இழுத்து ஒரு அறை கட்டுவதுதான் வழக்கம். நானும் கட்டினேன். தரைக்கு டைல், ஜன்னலுக்குக் கண்ணாடி. இதைவிடப் பத்திரம் எது, சுவர் எங்கே ஓடப்போகிறது என்று அவளிடம் பெருமையடித்தேன். அவள் மட்டும் பணத்தைப் பேங்கில் நிலையான வைப்பில் போட்டாள்.

"எனக்கு மாசாமாசம் கையில ஏதாச்சும் வந்தா போதுங்கக்கா" என்றாள்.

கொஞ்ச காலம் நான்தான் ராணி. லயத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் என் அறையில்தான் உட்கார்ந்தார்கள். அவள் வீடு அப்படியே புகை பிடித்துக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்கு நன்றாகவே இருந்தது.

பிறகு நாடே நொடித்துப்போய் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. பேங்கை எல்லாம் மூடப்போகிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். நான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அக்கறையில் சொன்னதாகத்தான் அவள் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பேங்க் மூடவில்லை. வட்டி ஏறியது. அவளுடைய தவணை அந்த நேரம் பார்த்து முடிய, ஏறிய வட்டிக்கே ஐந்து வருஷத்துக்குப் போட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் எல்லாருக்கும் வட்டி இறங்கியது, அவளுக்கு மட்டும் இறங்கவில்லை. இப்படியும் ஒருத்திக்கு அதிர்ஷ்டம் அடிக்குமா?

என் டைல் அறையில் இப்போது மகனும் மருமகளும் படுக்கிறார்கள். நான் அடுப்புப் பக்கம் படுக்கிறேன். போன வருஷம் கண் மங்கத் தொடங்கியது, அரிசியில் கல் தெரியவில்லை. கண்ணாடி வேண்டும் என்று மகனிடம் கேட்டேன். அடுத்த சம்பளத்தில் பார்ப்போம் என்றான். அந்தச் சம்பளமும் போனது, அதற்கடுத்ததும் போனது. பொறுக்க முடியாமல், அந்த அறையை வைத்துக் கடன் தருவார்களா என்று பேங்கில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் காணி உறுதியை, அதுதான் நிலப் பத்திரத்தை, கேட்டாள். உறுதிக்கு எங்கே போவது? மண் தோட்டத்துடையது, லயமும் தோட்டத்துடையது. நான் கட்டிய சுவர் ஓடவில்லைதான். ஆனால் அதை விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது.

இது அவள் காதுக்கு எட்டிவிட்டது. மறுவாரமே என்னை ஹட்டனில் ஒரு கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் சேலையை மாற்றிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். கடைக்காரர் கண்ணைச் சோதித்து, சில நாள் கழித்து வரச் சொன்னார். அன்றும் அவள்தான் கூட வந்தாள்.

நான் கண்ணாடியை மாட்டியதும் பக்கத்தில் அவள் காசு கொடுக்கப் பர்ஸைத் திறந்தாள். எனக்காக எடுத்தது போக உள்ளே மடித்து வைத்திருந்த நோட்டுகள் ஒவ்வொன்றும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

"நல்லாத் தெரியுதாக்கா?" என்று கேட்டாள்.

தெரிகிறது என்றேன்.