வலது கையில் சிக்கிய கேக்குகள்

கேக் செய்ய மாவும் முட்டையும் போதும். அதைத் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்க்க, சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரு வலது கை வேண்டும். முட்டைத் தட்டு, மீன்தொட்டி, கண்ணாடி என்று எதையாவது பைக்கில் கட்டிக்கொண்டு மலையேறும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வருடம் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நின்றவன் நான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் சொந்த ஊர் நோர்வூட்டுக்கு வந்து மகளைப் பார்க்கிற அப்பாவாக இருந்து அலுத்துப்போய், பக்கத்து ஹட்டனில் ஒரு கேக் கடையில் டெலிவரி வேலைக்குச் சேர்ந்தேன். லைசன்ஸ் இருந்தது. ஆனால் அது கொழும்பில், தட்டையான மைதானத்தில் எட்டுப் போட்டு வாங்கியது. "ஒரு மாசம் பாப்பேன் தம்பி. சரிவரலன்னா பழையபடி த்ரீவீலருக்கே குடுத்துருவேன்" என்றார் முதலாளியம்மா. சரிவராவிட்டால் எனக்கு மறுபடியும் கொழும்பு பஸ்தான்.

பெயர் எங்கே?

முதல் கேக் அக்கரப்பத்தனையில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு. கடை வாசலில் கிளட்சை விட்டதுமே வண்டி பாய்ந்தது. வண்டி பாய, நான் பின்னால் சாய, சாய்ந்த உடம்போடு வலது கையும் எக்ஸலேட்டரை இன்னும் முறுக்க, வண்டி இன்னும் பாய்ந்தது. பயந்து கையைத் தளர்த்தினால் மூக்குக் குத்திக்கொண்டு நின்றது. போகும் வழியெல்லாம் இப்படித் தவளை மாதிரியே போனேன்.

வீட்டில் மெழுகுவர்த்தியோடு காத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்த பிள்ளையின் அப்பா கேக்கைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ள பேரு மூடியில ஒட்டியிருக்கு. இப்ப நாங்க கேக்க வெட்டவா, பெட்டிய வெட்டவா?"

நடந்தே வந்திருக்கலாம்

அந்த அவமானத்துக்குப் பிறகு ஒரு வாரம் நான் எக்ஸலேட்டரை முறுக்கவே இல்லை, தொட்டேன், அவ்வளவுதான். ஏற்றம் வந்தால் வண்டி இருமி இருமி அணைந்துவிடும். இறங்கி உதைத்து, ஏறி, மறுபடியும் இருமல். கொழுந்துக் கூடையோடு அதே ஏற்றத்தில் நடந்த அக்காமார் சிரித்துக்கொண்டே என்னை முந்திப் போனார்கள். நாலு மணிக்குச் சொன்ன கேக் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிறந்தநாள்காரி புதுச் சட்டையோடு தூங்கிவிட்டிருந்தாள். அவளுடைய அம்மா கோபப்படவில்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது. "பரவாயில்லங்க. அடுத்த வருச பர்த்டேக்கு இப்பவே கெளம்பிருங்க."

வலது கைக் கும்பிடு

எங்கள் பக்கம் வளைவுக்கு ஒரு கோயில். பஸ்ஸில் போனாலும் நடந்து போனாலும் கோயிலைக் கண்டதும் கை தானாக நெஞ்சுக்குப் போய்விடும். கும்பிடுவது வலது கையால். எக்ஸலேட்டர் இருப்பதும் வலது கையில். இதை யாராவது லைசன்ஸ் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

ஒருநாள் நோர்வூட்டுக்குப் பக்கத்து ஏற்றமொன்றில் இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். பிள்ளையார் கோயில் வந்தது, கை கும்பிடப் போனது, எஞ்சின் நின்றது. வண்டி என்னையும் கேக்கையும் கூட்டிக்கொண்டு பின்னால் உருண்டு, கோயில் வாசல் மண்மேட்டில் முட்டியது. பூசாரி தட்டோடு வெளியே வந்து எனக்குத் திருநீறு பூசினார், ஹெட்லைட்டுக்கும் பூசினார். "ஏத்தத்துல கண்ணால கும்பிட்டாப் போதும் தம்பி. ஒரு ஹோன் அடிங்க, பிள்ளையாருக்கு வெளங்கிரும்."

தட்டில் ஒரு கோடு

கடையில் கேக்குக்குப் பூப்போடுகிறவள் சுமதி. என்னால் நசுங்கிய ரோஜாக்கள் எல்லாம் அவள் பிழிந்தவை. மூன்றாவது வாரம் பொறுமை தீர்ந்து, ஐசிங் பையை என் கையில் திணித்து, கவிழ்த்து வைத்த தட்டில் ஒரு நேர்கோடு போடச் சொன்னாள். அமுக்கினால் உருண்டை விழுந்தது. தளர்த்தினால் கோடு அறுந்தது. "தோளால அமுக்காதீங்க" என்று என் மணிக்கட்டைத் தட்டித் தாழ்த்திவிட்டாள். பத்துப் பதினைந்து கோடு வீணானபின் ஒன்று அறுபடாமல் வந்தது.

கை மறப்பதற்குள் ஓடிப்போய் வண்டியில் ஏறினேன். தோளைத் தளர்த்தி, மணிக்கட்டைத் தாழ்த்தி, இடது கை கிளட்சை விட விட வலது கை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியது. வண்டி பாயாமல், இருமாமல் நகர்ந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல சந்தோஷம். வாசலில் நின்ற சுமதிக்கு அப்படியொன்றும் இல்லை. "இத மொத நாளே செஞ்சிருந்தா என்னோட ரோசாப்பூ எல்லாம் உசுரோட இருந்திருக்கும், அண்ணே."

பின்சீட்டில் முதலாளியம்மா

மாதத்தின் கடைசி நாள். கொத்மலைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டடுக்குக் கேக். "பெட்டிய நானே பிடிச்சிக்கிறேன்" என்று முதலாளியம்மா பின்னால் ஏறி உட்கார்ந்தார். மழை வேறு. ஏற்றத்தில் ஒரு கொழுந்து லொறி எங்கள் முன்னால் நின்று நின்று ஏறியது. அது நின்றால் நான் பின்பிரேக்கை மிதித்து நின்றேன். அது நகர்ந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எக்ஸலேட்டரைக் கூட்டினேன். முதலாளியம்மாவின் முகத்தில் கோபமா, பயமா என்று திரும்பிப் பார்க்கவும் பயம்.

கல்யாண வீட்டில் பெட்டி திறந்தது. அடுக்கு அசையவில்லை. உச்சியில் சர்க்கரை மாப்பிள்ளையும் சர்க்கரைப் பொண்ணும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். முதலாளியம்மாவின் கண் கேக்கில் இல்லை. கடையில் முன்பு வேலை பார்த்த யாரோ விட்டுப்போய், நான் மாட்டியிருந்த மழைக்கோட்டு என் முழங்கையோடு நின்றுவிட்டதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்க அளவு என்னங்க தம்பி? இந்த மழைக்காலம் பூரா இதப் போட்டுக்கிட்டா ஓட்டப் போறீங்க?"

இப்போது நான் தினமும் வீட்டுக்கு வருவதில் என் மகளுக்கு ஒரே ஒரு குறைதான்: அப்பா ஒழுங்காக ஓட்டப் பழகியதிலிருந்து வீட்டுக்கு நசுங்கிய கேக் வருவதில்லை.