இடது இருக்கையின் பெல்ட்

மூன்றாம் தடவையாகச் சாவியைத் திருகினான் நித்தியானந்தன்.

ங்ங்ங்ங்ங்...

எஞ்சின் அசையவில்லை. டாஷ்போர்டுக்குள்ளிருந்து அந்த ஊதல் மட்டும்தான் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். 4.10. டல்லமரீன் விமான நிலையத்தில் அவன் மனைவி சந்திரவதனாவின் விமானம் 4.40க்கு இறங்குகிறது.

‘சும்மா கட்டிவிட்ட கதை’ என்று இப்போதே உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1976, ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை, மெல்பர்ன். நேரங்கள்கூட நித்தி சொன்னபடியேதான். பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னான். பயத்தினால் அல்ல. வெட்கத்தினால்.

ஏனென்றால் அந்தக் கார் அவனுடையதல்ல.

மெல்பர்ன் புறநகரான சன்ஷைனில் ஒரு பட்டறை. அமெரிக்காவிலிருந்து வரும் கார்களின் ஸ்டியரிங்கை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றிப் பொருத்தும் இடம். நித்தி அங்கே ஃபிட்டர். ஊருக்கு எழுதும் கடிதங்களில் மட்டும் மனேஜர். மார்ச் மாதம் இந்தப் பெல்மோரா கார் கப்பலில் வந்து இறங்கியது. 74ஆம் வருஷ வண்டி, கன்னங்கரேல் என்று, பத்தொன்பது அடி நீளம். உள்ளே சிவப்புத் தோல் இருக்கைகள். முன் விளக்குகளுக்கு இரண்டு மூடிகள்; சுவிட்சைப் போட்டால் கண்ணிமை போல மெல்லத் திறக்கும். ராஜா வீட்டு வண்டிதான், பார்ப்பதற்கு. ஓட்டியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

நண்பன் விக்னராஜாவிடம் கமெரா இருந்தது. “கதவிலை கையை வை மச்சான். கொஞ்சம் அலட்சியமா நில்லு, பிறந்ததிலையிருந்து கார் வைச்சிருக்கிற மாதிரி!” என்று சிரித்துக்கொண்டே படம் பிடித்தான். படத்தின் பின்னால் ‘எங்கட கார்’ என்று எழுதி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டான் நித்தி. மாமனார் அதற்குச் சட்டம் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகிப் பதினெட்டு மாதம். அதில் சேர்ந்து இருந்தது இருபது நாள். விசா கிடைத்து இன்று வருகிறாள். வந்து இறங்கியதும் அவள் கண் தேடப்போவது இந்தக் காரைத்தான். அவளிடம் போய், ‘பஸ் வரும், நில்லும்’ என்று சொல்ல முடியுமா?

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பார்த்து, யாரிடமும் கேட்காமல், பட்டறையைத் திறந்திருந்தான். புதுச் சொந்தக்காரர் வண்டியை எடுக்க வருவது திங்கள் காலை ஒன்பதுக்கு. அதற்குள் கொண்டுவந்து விட்டுவிடலாம்.

ங்ங்ங்ங்ங்...

அந்த வருஷத்து அமெரிக்க வண்டிகளில் ஒரு வில்லங்கம் இருந்தது. முன் இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எஞ்சின் எழும்பாது, ஊதும். மரக்கறிப் பையை வைத்தாலும் ஆள் என்று நினைக்கும். நாய் ஏறினாலும் ஆள்தான். வாங்கியவர்கள் திட்டிய திட்டில், அங்கே சட்டத்தையே மாற்றவேண்டி வந்தது.

நித்தி தன் பெல்ட்டைப் பார்த்தான். போட்டிருந்தான்.

இடது இருக்கையைப் பார்த்தான். முன்பு ஸ்டியரிங் இருந்த பக்கம். பை இல்லை. துணி இல்லை. ஸ்பேனர் ஒன்றுகூட இல்லை.

ஆனால் சிவப்புத் தோல் நடுவில் அமுங்கியிருந்தது.

கையை வைத்தான். ஜூலை மாதக் குளிர். பட்டறையில் தகரம்கூட ஐஸ் மாதிரி இருந்தது.

இருக்கை சூடாக இருந்தது.

4.13. யோசிக்க நேரமில்லை. குனிந்து, இடது இருக்கையின் பெல்ட்டை இழுத்து, வெற்றிடத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினான்.

டிக்.

ஊதல் நின்றது. சாவியைத் திருகினான். எஞ்சின் பூனை மாதிரி உறுமிக்கொண்டு எழும்பியது.

வண்டியை வெளியே விட்டு, பட்டறைக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினான். பெல்மோராவின் விளக்கு மூடிகள் இரண்டும் திறந்திருந்தன. அவன் சுவிட்சைத் தொடவே இல்லை. ‘மூடியை இழுத்துப் பிடிக்கிற வாக்குவம் கசிஞ்சிருக்கும்... இந்த வண்டியின்ரை பழைய வியாதிதானே...’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முதல் சிவப்பு விளக்கில் நின்றான்.

விர்ர்ர்...

இடது கண்ணாடி ஓர் அங்குலம் இறங்கியது.

பொத்தானை அமுக்கி ஏற்றினான். அடுத்த சிவப்பு விளக்கில் மறுபடியும் விர்ர்ர்... அதே ஓர் அங்குலம். சுருட்டுப் புகைக்கிறவன் இறக்கி வைக்கிற அளவு. நித்தி சுருட்டுப் புகைப்பதில்லை. வண்டிக்குள் சுருட்டு மணந்தது.

5.25க்கு அவள் வெளியே வந்தாள். சேலைக்கு மேல் யாரோ கொடுத்த பெரிய கோட். கையில் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி. இருட்டத் தொடங்கியிருந்தது.

“மெலிஞ்சு போனீங்கள்” என்றாள்.

காரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “இதுதானே... படத்திலை இருந்தது?”

“ஓம்.” அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இடது பக்க முன்கதவைத் திறந்து பிடித்தான். “ஏறுமன்.”

குனிந்து உள்ளே பார்த்தவள் சட்டென்று பின்வாங்கினாள். பிறகு மெல்லச் சிரித்தாள். “இல்லை, நான் பின்னாலை இருக்கிறன்.”

“ஏன்? முன்னுக்கு இரும்.”

“சீ... அது சரியில்லை.”

பதினெட்டு மாதப் பிரிவு. கூச்சம் என்று நினைத்தான். பின்கதவைத் திறந்துவிட்டான்.

5.50. சாலை இருட்டியிருந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தான். அவள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதையோ உன்னிப்பாகக் கேட்பவள் மாதிரி. தலையை ஆட்டினாள்.

“யெஸ்...” என்றாள், மெதுவாக.

“என்ன சொன்னனீர்?”

“உங்களுக்கில்லை. றோட்டைப் பாருங்கோ.”

விர்ர்ர்... என்று இடது கண்ணாடி இறங்கியது.

அவன் ஏற்றவில்லை.

றோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

6.20. ஃபுட்ஸ்கிரேயில் அவன் வாடகை அறை. ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு கேத்தல். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். முகம் மாறவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“சந்திரா... அந்தக் கார் என்ரை இல்லை. நான் மனேஜரும் இல்லை. களவா எடுத்துக்கொண்டு வந்தனான்.”

தலை குனிந்து நின்றான். திட்டுவாள் என்று காத்திருந்தான்.

“தெரியும்” என்றாள் அவள். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். “தேத்தண்ணி போடட்டோ?”

தெரியுமா? எப்படி? விக்னராஜா எழுதிப் போட்டிருப்பானோ? ஊரிலே எல்லாருக்கும் தெரியுமோ? மாமனார் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டாரோ? கேட்டால் அந்த வெட்கத்தை இன்னொரு தடவை படவேண்டும். கேட்காமலே படுத்தான். தூங்கவில்லை.

காலை 6.40க்கு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனான். முதலாளி கெவின் அவனுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னான். பெல்ட் ஊதல், வண்டி எழும்பாதது, எல்லாம்.

திட்டிக்கொண்டே இருந்த கெவின், ஊதல் என்றதும் நிறுத்தினார்.

“ஊதினதா? இந்த வண்டியா?”

இடது இருக்கைக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினார். வயர்கள் துண்டிக்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தன. டேப்பின் மேல் இரண்டு வருஷத் தூசி.

வெட்டியது பட்டறை ஆள் அல்ல என்றார் கெவின். அமெரிக்காவில் இருந்த முதல் சொந்தக்காரர். ஊதல் பொறுக்காமல் தன் கையாலேயே வெட்டினாராம். அதற்குப் பிறகு பெல்ட் போட்டதே இல்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்குக் கம்பத்தில் ஒரு சின்ன மோதல். பம்பரில் கீறல்தான். ஆனால் தலை ஸ்டியரிங்கில் அடித்த அடியில், உட்கார்ந்த இடத்திலேயே... இடது இருக்கையிலேயே...

அவருடைய மனைவிதான் வண்டியைத் தலைமுழுகிக் கப்பலில் ஏற்றிவிட்டவள்; இதையெல்லாம் கெவினுக்கு எழுதியவளும் அவள்தான்.

நித்தி அன்று அரை நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். வேலை போகவில்லை, சம்பளத்தில் பிடிப்பதாகக் கெவின் சொல்லியிருந்தார். அது அவன் காதில் ஏறவே இல்லை. சந்திரவதனா கட்டிலில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“சந்திரா. கார் என்ரை இல்லையெண்டு உமக்கு ஆர் சொன்னது? விக்னராஜாவோ?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதென்ன கேள்வி என்பது போல.

“அவரை ஏன் இழுக்கிறியள்? முன்னுக்கு இருந்தாரே, அந்த வயசான வெள்ளைக்காரர்... ஏறினவுடனையே இங்கிலீஷிலை சொன்னவர், இது தன்ரை காராம். உங்களை ஒண்டும் பேச வேண்டாமெண்டும் சொன்னவர். பாவமாம் நீங்கள்.”

கயிறு அவிழ்ந்துவிட்டது. அவள் அதைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“ஓ, மறந்துபோனன். பெல்ட்டைப் போட்டுவிட்டதுக்கு உங்களுக்குத் தாங்க்ஸ் சொல்லச் சொன்னவர்.”